அரை மீசைக்கு வெள்ளி விழா

எக்ஸ்ரே எடுக்க வருகிற ஆண்களிடம் அவள் கேட்பது ஒரே ஒரு காரியம்தான். நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்க வேண்டும், மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும், இரண்டு நொடி அசையாமல் இருக்க வேண்டும். அது அவர்களால் ஆகாது. ஒருவருக்கு அந்த நொடியில்தான் மூக்கு அரிக்கும். இன்னொருவர் எடுத்தாகிவிட்டதா என்று கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார். படம் கலங்கிப்போகும், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதே ஆண்பிள்ளைகள் கிரிக்கெட் என்று வந்துவிட்டால் கால் மரத்துப்போனாலும் அடிவயிறு முட்டினாலும் இருந்த இடத்தை விட்டு இம்மி நகர மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அவள் வாழ்க்கைப்பட்டதே அப்படி ஒருவருக்குத்தான்.

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. கணவனின் கூட்டாளிகளுக்கு எக்ஸ்ரே அண்ணி. கணவனுக்கு ஊரில் இருக்கிற பெயர் அரைமீசை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை அவருக்கு. ஆனால் அந்த வேலையை வைத்து அவரை யாரும் அடையாளம் சொல்வதில்லை. அவரே சொல்வதில்லை. அரைமீசை என்று கூப்பிட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

பெயர் வந்த கதையை வருஷத்துக்கு ஒரு தடவை அவள் கேட்டாக வேண்டும். நாடு முதல் தடவையாக உலகக் கோப்பையை வென்ற நாள் அது. பதினொரு பேர் எங்கோ கடல் தாண்டி வியர்வை சிந்தி விளையாடி ஜெயித்தார்கள் என்றுதான் பத்திரிகைகள் எழுதின. அது பத்திரிகைக்காரர்களின் அறியாமை. உண்மையில் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தது மூன்றாவது தெரு சலூனில் இருந்த ஐந்து பேர்.

அன்றைக்கு இவர் சலூனுக்குப் போனது மீசையை எடுக்க. சாயங்காலம் நாலு மணிக்கு அவள் வீட்டில் பெரியவர்களைப் பார்த்துப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. மீசை இல்லாவிட்டால் முகம் தெளிவாக இருக்கும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். சலூன்காரர் பாதி மீசையை வழித்துவிட்டு மறு பாதிக்குக் கத்தியைக் கொண்டுபோனபோது நம் அணியில் ஐந்து பேர் அவுட்டாகி ஆட்டம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஆறாவது விக்கெட் விழவில்லை. ஒரு ஓவர் போயிற்று, விழவில்லை. இரண்டு ஓவர் போயிற்று, விழவில்லை. அப்போது சலூன்காரருக்கு ஞானம் பிறந்தது. யாரும் அசையாதீர்கள், யார் எங்கே எப்படி இருக்கிறீர்களோ அப்படியே இருங்கள், மாற்றினால் ராசி போய்விடும் என்று ஆணையிட்டார்.

இவர் நாற்காலியில் அரை மீசையோடு இருந்தார். தபால்காரர் அந்த நேரம் பார்த்துச் செருப்பு மாட்டுவதற்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தார், சுவரைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். வங்கிக் கேஷியர் சிறுநீர் கழிக்க எழுந்தவர் எழுந்த வாக்கில், பாதி குனிந்தபடி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். ஆன்டெனா ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஒருவன் நின்றான், அவனுக்கு அன்றிலிருந்து ஆன்டெனா என்றே பெயர். அவன் நின்றது டிவிக்குப் பின்னால். இவர் உட்கார்ந்திருந்த நாற்காலியோ கண்ணாடியைப் பார்த்தது, அதனால் இவருக்கு ஆட்டம் இடம் வலமாகத் தெரிந்தது. சலூன்காரர் கத்தி முகத்தில் பட்டுவிடக் கூடாதே என்று இவர் மூக்கையே முறைத்துக்கொண்டிருந்தார். ஆக, அந்த வரலாற்று வெற்றியை அந்தக் கடையில் ஒழுங்காகப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. இருபத்தைந்து வருஷமாக ஊருக்கெல்லாம் அதை வருணிப்பவர்கள் இவர்கள்தான்.

கதையில் அவளுக்கும் ஒரு இடம் உண்டு. "அங்க பொண்ணு வீட்ல டீ ஆறிப்போச்சு, இங்க நம்ம ஆளு அசையலையே!" என்று சலூன்காரர் சொல்வார். அந்த இடத்தில் எல்லோரும் தொடையைத் தட்டிச் சிரிப்பார்கள். அவ்வளவுதான் அவள் பங்கு, ஆறிப்போன டீ.

ஆறிப்போனது டீ மட்டுமில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் வீட்டில் அப்போது நல்ல நாற்காலி கிடையாது. அப்பா பக்கத்து வீட்டில் கேட்டு நாலு நாற்காலி வாங்கி வந்து, ஈரத்துணியால் துடைத்து, ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். நாலு மணி ஆயிற்று. ஐந்தாயிற்று. வீட்டுக்குள்ளேயே ஷூ போட்டுக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். ஆறு மணிக்குத் தெருவே வெடித்துக்கொண்டு வெளியே வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அந்தக் கும்பலுக்கு நடுவில் அப்பா ஒவ்வொரு நாற்காலியாகத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஆடுகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி, பக்கத்து வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வரலாற்று நாள் என்று யாராவது சொன்னால் அவளுக்கு நினைவுக்கு வருவது அந்தக் காட்சிதான். 

ஏழு மணிக்குக் கழுத்தில் வண்ணத் துண்டோடும் முகத்தில் அரை மீசையோடும் மாப்பிள்ளை வந்து நின்று, "ஜெயிச்சுட்டோம் மாமா!" என்றார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். கல்யாணத்துக்கு அவர் சம்மதித்தது மகள் அழுத அழுகைக்காக. சாகும்வரை மருமகன் வந்திருக்கிறார் என்று சொன்னால், "முழுசா வந்திருக்காரா, பாதியா?" என்றுதான் கேட்டார்.

அவளுக்கு அன்று காதல் கண்ணை மறைத்திருந்தது. ஆயுளில் ஒரே ஒரு தடவை நடக்கிற காரியம், போகட்டும் என்று விட்டுக்கொடுத்தாள். அந்த ஒரே ஒரு தடவை வருஷா வருஷம் நடக்கும் என்று யார் கண்டது? வருஷம் பிறந்தால் அந்தத் தேதி வந்துவிடும். ஏதாவது ஒரு சேனலில் பழைய ஆட்டத்தை முழுசாகப் போடுவார்கள். கூட்டாளிகள் சலூனில் கூடுவார்கள். அரை மீசையை வழிப்பார்கள். அவரவர் பழைய இடத்தில், பழைய கோலத்தில், கடைசி ஓவர் வரை ஆடாமல் அசங்காமல் நிற்பார்கள்.

முடிந்துபோன ஆட்டத்துக்கு எதற்கு ராசி என்று அவள் ஒருமுறை வாய்விட்டே கேட்டாள். சலூன்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பத்தாவது வருஷ விழாவில் தபால்காரர் ஒரே ஒரு தும்மல் தும்மியதாகவும், அந்த வருஷமே நம் அணி முதல் சுற்றில் மண்ணைக் கவ்வியதாகவும் விளக்கினார். தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தும்மலுக்கு அவர் இன்னும் வருத்தப்படுகிறாராம். இந்தப் புத்திசாலிகளோடு என்ன பேசுவது என்று அவள் அதோடு விட்டுவிட்டாள்.

இந்த வருஷம்தான் சனியன் சரியாக வந்து உட்கார்ந்தது. மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறாள். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்க வருகிற ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. நல்ல பையன், சிரித்த முகம், யார் எது சொன்னாலும் சரி என்பான். அவன் அப்பா அம்மா வீட்டுக்கு வந்து பேசுவதாகச் சொல்லி அனுப்பிய நாள், விழா நாள். அவர்களுக்கு வேறு நாள் ஒழியவில்லை. மணி நாலு.

அவள் கணவனை உட்காரவைத்துச் சொன்னாள். கத்தவில்லை, எக்ஸ்ரே அறையில் பேசுகிற அதே குரலில் சொன்னாள். எனக்குக் காத்திருந்து காத்திருந்து பழகிவிட்டது, என் மகளுக்கு அந்தப் பழக்கம் வர வேண்டாம். இந்த ஒரு வருஷம் நீங்கள் முழு முகத்தோடு வீட்டில் இருக்க வேண்டும். அவர் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். செய்தவர் விழாவன்று மத்தியானம், முடி காதுக்கு மேல் வளர்ந்துவிட்டது, இப்படியே சம்பந்திகள் முன்னால் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று கிளம்பினார். அவள் தேய்த்து வைத்திருந்த நீல முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டார். முடி வெட்டியதும் அப்படியே வந்துவிடலாமாம். காது குத்துகிறார் என்று தெரிந்தும் அவள் போகவிட்டாள். ஐம்பது வயது தாண்டிய மனிதரைக் கட்டியா போட முடியும்?

நாலு மணிக்குப் பையனின் அப்பா அம்மா சொன்னபடி வந்தார்கள். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அளந்து பேசுகிறவர். அம்மா வந்ததும் சமையலறை வரை வந்து, ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டார். பையன் வேலையிலிருந்து நேரே வருவதாகச் சொன்னார்கள். மகளின் போனுக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. "உங்க அப்பா வழியில கூப்பிட்டார். அவரோடதான் இருக்கேன். அஞ்சு நிமிஷம்" என்று இருந்தது. மகள் அதை அம்மாவிடம் காட்டினாள். எக்ஸ்ரே அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஐந்து நிமிஷம் அரை மணியாயிற்று. பிஸ்கட் தட்டு ஒருமுறை சுற்றி வந்தது. கேக் ஒருமுறை சுற்றி வந்தது. வெயிலைப் பற்றிப் பேசினார்கள், பிறகு வாடகையைப் பற்றி, பிறகு வெயிலைப் பற்றியே மறுபடியும். பையனின் அம்மா ஒவ்வொரு முறையும் வாசலைப் பார்த்து, "வந்துடுவான், பொறுப்பான பையன்தான்" என்றார். அந்த முகத்தை எக்ஸ்ரே அக்கா எங்கோ பார்த்திருந்தாள். ஷூவோடு நடந்துகொண்டிருந்த தன் அப்பாவின் முகம் அது. அவள் எழுந்தாள்.

"ரெண்டு தெரு தள்ளித்தான். போய்க் கூட்டிட்டு வந்துடறோம்" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சலூன் வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதில் கோப்பையை வாங்கிய அணித்தலைவர் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு இருந்தார். நடுவில் ஆளுயரத்துக்குச் சலூன்காரரும் கூட்டாளிகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெற்றி நாயகர்கள் என்று கீழே எழுதியிருந்தது.

உள்ளே சத்தமில்லை. வர்ணனையாளர் ஒருவர் மட்டும் டிவியில் கத்திக்கொண்டிருந்தார். அவள் கணவர் கழுத்துவரை வெள்ளைத்துணி போர்த்தி நாற்காலியில் இருந்தார். வலது பக்க மீசை போயிருந்தது. நீலச் சட்டை கசங்காமல் ஆணியில் தொங்கிற்று. சலூன்காரர் கத்தியை உயர்த்திப் பிடித்திருந்தார், இப்போது கை நடுங்குகிற வயது என்பதால் இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தபால்காரர் சுவரைப் பார்த்து நின்றார். சர்க்கரை வியாதி வந்துவிட்ட கேஷியர் கண்ணை மூடிப் பாதி குனிந்து நின்ற நிலையைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற மனநிலையில் அவள் இல்லை.

ஆன்டெனா இரண்டு வருஷத்துக்கு முன்பே தன் மகள் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டான். அந்த இடம் காலியாக இருந்தால் ராசி என்னாவது? டிவிக்குப் பின்னால் ஸ்டூல் மேல், ஒரு பழைய ஒயரைக் கூரையை நோக்கித் தூக்கிப் பிடித்தபடி, லிஃப்ட் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தான்.

கதவுச் சத்தம் கேட்டுத் தபால்காரர் சுவரிடமே கேட்டார். "யாரு, அண்ணியா? அண்ணி, அங்கயே நில்லுங்க. அன்னைக்கு அந்த இடத்துல யாரும் இல்ல."

அவள் அவரைத் தாண்டிப்போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கணவர் தலையைத் திருப்பவில்லை. கண்ணாடியில் இருவர் பார்வையும் சந்தித்தது. அவர் வாயின் ஒரு ஓரத்தால், மீசை இருந்த பக்கமாகப் பேசினார்.

"பதினாலு ரன்னுதான் இருக்கு. வந்துட்டேன்னு வெச்சுக்கோயேன்."

"நாலு மணின்னு சொன்னேன்."

"வெள்ளி விழாடி. நான் இல்லாம எப்படி? ஊரே கேக்கும்."

"மாப்பிள்ளையை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"அவருக்கும் தெரியட்டுமே, அவர் மாமனார் யாருன்னு" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அந்த அரை முகத்தில் எவ்வளவு பெருமை.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. பிளக்கைப் பிடுங்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிடுங்கினால் அடுத்த இருபத்தைந்து வருஷத்துக்கு அதுவும் கதையில் சேர்ந்துவிடும், ஆறிப்போன டீக்கு அடுத்தபடியாக. அந்தச் சந்தோஷத்தை இவர்களுக்குக் கொடுக்க அவளுக்கு இஷ்டமில்லை.

மகள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் அசடு வழியச் சிரித்தான். கையை மட்டும் இறக்கவில்லை.

"இதோ முடிஞ்சுடும். கையைக் கீழ போட்டா விக்கெட் போயிடும்ங்கறாங்க."

மகள் அவன் கையிலிருந்த ஒயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். அது சுவரோரமாக இறங்கி, ஜன்னல் கம்பியில் ஒரு முடிச்சோடு முடிந்திருந்தது.

"இந்த ஒயர் எதுல சேர்ந்திருக்கு?"

அவன் குனிந்து பார்த்தான். "எதுலயும் இல்ல."

"ஆட்டம் எப்ப நடந்தது?"

"எனக்கு மூணு வயசா இருக்கும்போது."

"அப்பறம் எதுக்குப் பிடிச்சிட்டு நிக்கறீங்க?"

அவன் கொஞ்சம் யோசித்தான். யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னான். "எல்லாரும் சொல்றாங்களே."

 லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களைப் பதறாமல் கைகொடுத்து இறக்குகிறவன் இவன். அதைப் பார்த்துத்தான் மகளுக்கு இவனைப் பிடித்துப்போயிற்று. அவனுக்குத் தானாக இறங்க வருமா என்று அவள் காத்திருந்து பார்த்தாள். டிவியில் ஒருவர் பந்தைத் தடுத்தார். "அப்படியே இருங்க தம்பி, அப்படியே!" என்றார் சலூன்காரர். தம்பி அப்படியே இருந்தான்.

"சரி, நில்லுங்க. ஜெயிச்சுட்டே போங்க" என்று சொல்லிவிட்டு மகள் வெளியே நடந்தாள்.

எக்ஸ்ரே அக்கா ஆணியிலிருந்து நீலச் சட்டையை எடுத்து மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் கணவரின் கண்கள் பதறின. துணிக்கடியில் அவர் வெறும் பனியனோடு இருந்தார்.

"ஏய், சட்டையை எங்க எடுத்துட்டுப் போற?"

"விருந்தாளிங்க முன்னாடி போட்டுக்கத்தானே தேய்ச்சேன். இங்க விருந்தாளி யாருமில்ல."

அவர் எழுந்திருக்கப்போவதுபோல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். "உக்காருடா!" என்று மூன்று குரல் ஒரே சமயத்தில் வந்தது. அதில் ஒன்று சுவரிலிருந்து வந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்துவிடுவார் என்று தான் அந்த ஒரு விநாடி நம்பிவிட்டதை எண்ணித்தான் அவளுக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

திரும்பி வரும்போது மகள் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.  ஏதாவது சொன்னால் மகள் அழுதுவிடுவாளோ என்று எக்ஸ்ரே அக்காவுக்குப் பயமாக இருந்தது. தெருமுனையில் மகள் திடீரென்று நின்று, "அம்மா, கேஷியர் மாமா நின்ன நிலையைப் பார்த்தியா?" என்றாள். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மகள் கண்ணில் வந்த தண்ணீரில் சிரிப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று அம்மா பிரித்துப் பார்க்கவில்லை.

வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். உங்கள் பையன் சலூனில் ஸ்டூல் மேல் நிற்கிறான், பழைய உலகக் கோப்பை ஆட்டம் ஓடுகிறது, அது முடிகிறவரை இறங்க மாட்டானாம். பையனின் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பெரிய மனுஷர் ஏதோ நியாயமாகச் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"இப்ப எத்தனாவது ஓவர் போயிட்டிருக்கு?" என்றார் அவர்.

 அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். நானே போய்க் காதைப் பிடித்து இழுத்து வருகிறேன், இவனுக்குப் பொறுப்பு வேண்டாமா என்றெல்லாம் முனகிக்கொண்டே செருப்பை மாட்டினார். வாசல் தாண்டும்வரை நடந்தவர், தாண்டிய பிறகு ஓட்டமும் நடையுமாகப் போனது ஜன்னல் வழியாக நன்றாகத் தெரிந்தது. அதன் பிறகு அவரும் வரவில்லை.

மூன்று பெண்கள் மட்டும் மீந்தார்கள். எக்ஸ்ரே அக்கா புதிதாக டீ போட்டாள். ஆறவிடவில்லை, சூடாகவே குடித்தார்கள். பையனின் அம்மா தன் கல்யாணத்தன்று வாத்தியார் சட்டைப் பையில் சின்ன ரேடியோ வைத்திருந்ததைச் சொன்னார். கும்பிட்டு ஆசி வாங்கக் குனிந்தபோது அதிலிருந்து ஸ்கோர் கேட்டதாம். இத்தனை வருஷத்தில் அதை யாரிடமும் சொன்னதில்லையாம். சொல்லிவிட்டு ஒரு கேக் துண்டை எடுத்து நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அப்போது மூன்றாவது தெருப் பக்கமிருந்து ஒரு கூச்சல் எழுந்து வந்தது. விசில், கைதட்டல், தகரத்தை அடிக்கிற சத்தம்.

"ஜெயிச்சுட்டாங்க போல" என்றார் பையனின் அம்மா.

"ஆமா. இந்த வருஷமும்" என்றாள் எக்ஸ்ரே அக்கா.

மகள் தம்ளர்களை எடுத்து வைத்துவிட்டு வந்து பையனின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை.

"ஆன்ட்டி, நீங்க எப்ப வேணா இங்க வாங்க. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க பையனைக் கூட்டிட்டு வர வேண்டாம்."

பையனின் அம்மா அவளையே பார்த்தார். மகனுக்காக ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தவர், அதை விட்டுவிட்டு, பிடித்திருந்த கையைத் தட்டிக்கொடுத்தார்.  எக்ஸ்ரே அக்கா அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை மகள் இன்றைக்கு, ஒரு சாயங்காலத்தில், சொல்லி முடித்துவிட்டாள். அப்பா இருந்திருந்தால் மகளுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்திருப்பார்.

பத்து நிமிஷம் கழித்து மூன்று ஆண்பிள்ளைகளும் ஊர்வலமாக வந்தார்கள். கணக்கு வாத்தியார் கழுத்தில் வண்ணத் துண்டு இருந்தது. பையன் மரத்துப்போன கையை இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டே வந்தான். நடுவில் சலூன் வெள்ளைத்துணியைப் போர்த்திக்கொண்டு, இடது பக்க மீசையோடு, அவள் கணவர். தெருவில் எல்லோரும் கை கொடுத்திருப்பார்கள் போலும், முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"ஜெயிச்சுட்டோம்!" என்றார் வாசலிலிருந்தே.

யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் மகளைப் பார்த்தார், சம்பந்தியம்மாளைப் பார்த்தார், காலியான தட்டுகளைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"என்ன, பேச்சை ஆரம்பிக்கலாமா?"

எக்ஸ்ரே அக்கா மடிப்புக் கலையாத நீலச் சட்டையை அவரிடம் நீட்டினாள்.

"அது முடிஞ்சுபோச்சு" என்றாள். "அடுத்த வருஷம் ரீப்ளே போடுவாங்க, பார்த்துக்குங்க."